ரெண்டு தட்டு

மணி விடிகாலை நாலரை. மேடவாக்கத்திலிருந்து சித்தாலப்பாக்கம் போகிற ரோடு. தெருவிளக்கு என்று நாலு கம்பம் உண்டு, எரிவது ஒன்று. அதுவும் அணைந்து அணைந்து எரியும். ஒரு பக்கம் ஏரி. இன்னொரு பக்கம் பிளாட் போட்டுக் கல் நட்ட வயல். அந்த நேரத்தில் அங்கே நாய்கூடக் குரைக்காது. ஒரே ஒரு தண்ணி லாரி மட்டும் போகிறது. காலி லாரி. காலி டேங்கர் குழியில் இறங்கி ஏறும்போது ஒரு சத்தம் வரும், கேட்டிருக்கிறீர்களா? உள்ளே யாரோ பெருமூச்சு விடுகிற மாதிரி...

கொசுவர்த்தியை நடுவில் வையுங்கள். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

நம்மோடு கம்பி கட்டுகிறானே முனிரத்தினம், அவனுடைய அக்கா புருஷனுக்கு நடந்தது இது. பெயர் துளசிங்கம். முனிரத்தினத்துக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் இத்தனை வருஷம் கம்பி கட்டிக்கொண்டிருப்பானா? எப்போதோ மேஸ்திரி ஆகியிருப்பான்.

துளசிங்கம் ஓட்டியது ஏகநாதன் என்பவருடைய லாரி. ஏகநாதன் பரம்பரையாக நெல் போட்டவர். நெல்லைவிடக் கிணற்றுத் தண்ணீருக்கு விலை அதிகம் என்று தெரிந்ததும் வயலை விட்டார், பம்புசெட்டை வைத்துக்கொண்டார். ராத்திரி ஊறின தண்ணீரை விடிவதற்குள் ஏற்ற வேண்டும். ஆறு மணிக்குள் குரோம்பேட்டை காலனிகளில் நிற்க வேண்டும். பத்து நிமிஷம் தாமதித்தால் மாடியிலிருந்து பல் துலக்கிக்கொண்டே திட்டுவார்கள்.

லாரியைப் பின்னால் எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. கிளீனர் இறங்கிப் பின்னால் நிற்பான். டேங்கைக் கையால் ரெண்டு தட்டு தட்டினால், வா. ஒரு தட்டு தட்டினால், நில். டிரைவருக்குப் பின்னால் இருப்பது எதுவும் தெரியாது. அத்தனை பெரிய டேங்க் மறைக்கும். அவனுக்குக் கண் இல்லை, காதுதான். தட்டு கேட்டால் கால் தானாகக் கிளட்சை விடும். யோசித்துச் செய்வதில்லை.

துளசிங்கத்துக்கு அப்படிப் பதினொரு வருஷம் தட்டினவன் ஜெயவேலு. ஐம்பதை நெருங்கிய ஆள். வாயில் பீடி, தோளில் துண்டு, எல்லாவற்றுக்கும் ஒரு நக்கல். இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள், ஒரே பாயில் தூங்கினார்கள்.

தொண்ணூற்று மூன்றில் ஒரு நாள், இதே நாலரை மணிக்கு, ஏகநாதனின் கிணற்றடியில், டேங்கில் ரெண்டு தட்டு கேட்டது. துளசிங்கம் பின்னால் எடுத்தான்.

பின்னால் கிளியம்மாள் இருந்தாள். ஏரிக்கரைக் குடிசையில் இருந்தவள். பம்புசெட்டு வந்தபின் ஊர்க்கிணறு வற்றிவிட்டது. பெண்களைக் கிணற்றடிக்குள் விடமாட்டார் ஏகநாதன். அதனால் அவர் எழுந்திருக்கும் முன்னே வந்து, டேங்கின் அடி வால்வில் ஒழுகுகிற மிச்சத் தண்ணீரைப் பிடித்துப் போவாள். அன்றைக்கும் அதற்குத்தான் குனிந்திருந்தாள். துளசிங்கம் இறங்கி ஓடிப் பார்த்தபோது அவளுடைய அலுமினியக் குடம் பக்கத்தில் கிடந்தது. வாய் கீழே, அடி மேலே. ஒரு பக்கம் நசுங்கி.

ஜெயவேலு மோட்டார் கொட்டகையிலிருந்து ஓடிவந்தான்.

"அய்யோ துளசி, நா இன்னும் தட்டலையேப்பா! மோட்டாரு போடப் போனேன். நா தட்டல!"

துளசிங்கம் காதால் கேட்டிருந்தான். ரெண்டு தட்டு. தெளிவாக. ஸ்டேஷனில் கேட்டபோது அதைத்தான் சொன்னான். 'கிளீனர் தட்டினான், நான் எடுத்தேன்.' பொய் சொல்லவில்லை. ஏகநாதனின் வக்கீல் மற்றதைப் பார்த்துக்கொண்டார். பழி முழுக்க ஜெயவேலு மேல் விழுந்தது. நாற்பது நாள் உள்ளே இருந்து வந்தான். அவன் பெண்டாட்டி கங்கையம்மாள், 'ஒரு பொம்பளைய கொன்னுட்டு இல்லேன்னு சாதிக்கிறவனுக்கு என் கையால ஒரு சொம்பு தண்ணி குடுக்கமாட்டேன்' என்று சொல்லிவிட்டாள். ஜெயவேலு பல்லாவரத்தில் ஒரு தோல் குடோனுக்கு வாட்ச்மேனாகப் போய் அங்கேயே படுத்துக்கொண்டான். வீட்டுக்கு வரவில்லை.

தட்டினேன் என்று ஒத்துக்கொண்டிருந்தால்கூடத் துளசிங்கத்துக்கு மனசு ஆறியிருக்கும். பதினொரு வருஷம் கூட இருந்தவன், முகத்தைப் பார்த்து இல்லை என்கிறானே... அதுதான் எரிச்சல். மூன்று வருஷமாக அந்த எரிச்சல் ஆறவில்லை.

அதற்குப் பிறகு எந்தக் கிளீனரும் அந்த முதல் டிரிப்புக்கு நிலைக்கவில்லை. ஒருவன் நாலு நாள். ஒருவன் ரெண்டு நாள். காரணம் கேட்டால் வயிற்று வலி என்பார்கள்.

தொண்ணூற்றாறு மாசியில் ஏகநாதனின் மருமகன் சிங்கப்பூரிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்தான். சோப்பு டப்பா அளவு. அதோடு ரெண்டு கண், ஒரு ரூபாய்க் காசு அகலத்தில். கண்ணை லாரியின் பின்பக்க பம்பரில் பதிக்க வேண்டும், பெட்டியை டிரைவர் முன்னால் ஒட்ட வேண்டும். ரிவர்ஸ் கியர் போட்டால் உயிர் வரும். ஆறடிக்குள் பின்னால் ஏதாவது இருந்தால் பீப்... பீப்... என்று நிதானமாகக் கத்தும். கிட்டே போகப் போக வேகமாகக் கத்தும். ஒன்றரை அடியில் நிறுத்தாமல் ஒரே இழுப்பாகக் கத்தும்.

பல்லாவரத்தில் ஆட்டோ எலக்ட்ரிஷியன் நசீருதீன்தான் அதை மாட்டிக்கொடுத்தார்.

"எப்படி பாய் இதுக்கு தெரியுது? அங்க கண்ணாடி கூட இல்லியே?" என்று கேட்டான் துளசிங்கம்.

"நம்ம காதுக்கு கேக்காத சத்தம் ஒண்ணு போவுது. எதுனா இருந்தா பட்டு திரும்பி வரும். வந்தா கீது. வரலேன்னா இல்ல. அம்மாந்தான். உன் கிளீனரு மாதிரி பீடி புடிக்கப் போவாது."

ஏகநாதனுக்கு ஒரே சந்தோஷம். "இனிமே கிளீனரே வாணாம்யா. ஒத்தையா போ, ஒத்தையா வா."

முதல் நாள். நாலரை மணி. கிணற்றடியில் லாரியைத் திருப்பி ரிவர்ஸ் போட்டான். பம்பு வாய் இன்னும் பன்னிரண்டடி தள்ளி இருந்தது.

பீப்.

நிறுத்தினான். டார்ச்சோடு இறங்கிப் போய்ப் பார்த்தான். காய்ந்த தரை. ஒரு செங்கல்கூட இல்லை. ஏறினான். கியர் போட்டான்.

பீப்... பீப்...

இறங்கினான். பம்பரைத் துடைத்தான். ஏறினான். பீப். இறங்கினான்... இப்படியே கால்மணி நேரம். கத்துகிற பெட்டியை மீறிப் பின்னால் எடுக்கவும் கால் வரவில்லை. ஒரு தடவை பட்ட கால் அது. கடைசியில் அங்கேயே நிறுத்திவிட்டு, ஹோஸ் எட்டாமல், கொட்டகையிலிருந்த பழைய ஹோஸை இழுத்து முடிச்சுப் போட்டுத் தண்ணீர் பிடித்தான். பாதி தரையில் போயிற்று. காலனிக்கு ஆறே முக்கால். திட்டு.

அதே பெட்டி குரோம்பேட்டையில் சுவர் இருந்தால் கத்தியது, இல்லாவிட்டால் சும்மா இருந்தது. நல்ல பிள்ளை. மறுநாள் நாலரைக்குக் கிணற்றடியில் மறுபடியும் பீப்.

நசீருதீனிடம் ஓட்டிக்கொண்டு போனான். அவர் பின்னால் வந்து நின்றார், கத்தியது. நகர்ந்தார், நின்றுவிட்டது. ஸ்டூலை வைத்தார், கத்தியது. எடுத்தார், நின்றுவிட்டது.

"இன்னா குறை சொல்ற? தங்கமா கீது."

"கெணத்தாண்ட மட்டும் கத்துது பாய். வெறுந்தரைய பாத்து கத்துது."

"பனி இருக்கும். எலி இருக்கும்."

"எலிய பாத்தா கத்தும்?"

"அப்ப உன் மூஞ்சிய கண்ணாடில பாத்திருக்கும். போப்பா, வேலை கெடக்கு."

மூன்று தடவை போனான். மூன்று தடவையும் அங்கே தங்கம். இங்கே பித்தளை. கண்ணைக் கழற்றி இடம் மாற்றிப் பார்த்தான். அதன்மேல் சாக்கு கட்டிப் பார்த்தான். எலுமிச்சம்பழம் கட்டிப் பார்த்தான், எலுமிச்சம்பழத்தையும் சேர்த்துக் கத்தியது. இரும்பு, வயர், கறுப்பு டப்பா... இதனிடம் போய் என்ன சண்டை போடுவது? ஒரு நாள் தலையிலே அடித்துக்கொண்டு ஸ்டீயரிங்மேல் கவிழ்ந்துவிட்டான்.

ஏகநாதன் ஏழு மணிக்கு எழுந்திருக்கிற ஆள். நாலரையில் நடப்பது அவருக்கு எங்கே தெரியும்?

"சிங்கப்பூரு சாமான்யா அது! அங்கல்லாம் காருல மாட்டிகினு கீறான். உனக்கு மட்டும் கத்துதா? கிளீனரு வேணும்னா நேரா கேளு. பொட்டி மேல பழி போடாத."

"மொதலாளி, ஒரே ஒரு நாளு நாலரைக்கு வந்து பாருங்க."

"நா வரணுமா? இன்னொரு தபா தண்ணி லேட்டுன்னு போனு வந்துச்சி, சாவிய வச்சிட்டு வூட்டுக்குப் போய்க்கினே இரு."

அதற்கடுத்த நாள் அவன் ஒன்று கவனித்தான்.

லாரி நிற்கிறது. கிளட்சை முழுக்க மிதித்திருக்கிறான். கியர் மட்டும் ரிவர்ஸில். சக்கரம் ஒரு அங்குலம் நகரவில்லை.

பீப்...

பீப்...

பீப்... பீப்... பீப்...

லாரி நகரவில்லை. ஆனால் சத்தம் வேகமாகிக்கொண்டே வருகிறது. அப்படியென்றால்... நகர்ந்து வருவது லாரி இல்லை.

கடைசியில் ஒரே இழுப்பு. பம்பரை ஒட்டி. ஜன்னல் வழியாக ஒரு வாசனை வந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்த பாத்திரத்தின் வாசனை.

டப்பென்று கியரை முன்னால் தள்ளி, தண்ணீர் ஏற்றாமலே ரோட்டுக்கு வந்துவிட்டான். விடிந்த பிறகு திரும்பிப் போய் ஏற்றினான். பயத்தைவிட அவனுக்குக் கோபம்தான் அதிகம். இதை யாரிடம் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். அன்றைக்குப் போன் வந்தது. ஏகநாதன் ஒரே வரியில் முடித்தார். "நாளைக்கு ஒருநாளு பாப்பேன். அவ்ளோதான்."

அன்று பகல் இரண்டாவது டிரிப். குரோம்பேட்டையில் ஒரு காலனித் தெரு. வீட்டுத்தொட்டியில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. துளசிங்கம் கேபினில் சாய்ந்திருந்தான். நல்ல வெயில். கண் சொருகுகிறது.

டொக். டொக்.

அவன் கால் தானாகக் கிளட்சை மிதித்தது. கை தானாக கியருக்குப் போயிற்று. ரிவர்ஸ் விழுந்தது. பெட்டி வீறிட்டது. அந்தச் சத்தத்தில்தான் கண்ணைத் திறந்தான். சாவி மட்டும்தான் போட்டிருந்தது, இன்ஜின் ஓடவில்லை, நல்ல வேளை. குதித்துப் பின்னால் ஓடினான்.

வீட்டுவேலை செய்கிற அஞ்சம்மாள் அங்கே குனிந்திருந்தாள். வால்வு ஒழுகலில் பிடிக்கக் குடம் கொண்டுவந்திருந்தாள். குடத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். வாய் கீழே, அடி மேலே.

"இப்ப தட்னது யாரு?"

"நாந்தான். இன்னாத்துக்கு இப்பிடி முழிக்கிற?"

"எதுக்கு தட்ன?"

"குடத்துல மண்ணும் எறும்புமா கீதுப்பா. கவுத்து டேங்குல ரெண்டு தட்டு தட்டிட்டுத்தான் எல்லாரும் புடிப்போம். உன் டேங்கு ஒண்ணும் ஓட்டையாவாது, போ."

துளசிங்கம் தெருவிலேயே குந்திவிட்டான்.

சாயங்காலம் பல்லாவரம். வெள்ளிக்கிழமை, சந்தைக் கூட்டம். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு தோல் குடோனுக்குப் போனான். ஊறிய தோல் நாற்றத்தில், ஒரு உடைந்த நாற்காலியில், ஜெயவேலு. மூன்று வருஷத்தில் முடி முழுக்க வெளுத்துவிட்டது.

"ண்ணா... நீ தட்டலண்ணா."

ஜெயவேலு பீடியை வாயிலிருந்து எடுக்கவில்லை. "மூணு வருஷமா நானும் அதத்தான் சொல்லிகினு கீறேன். இத எனக்கே சொல்றதுக்கு பஸ் ஏறி வந்தியா?"

துளசிங்கம் குடத்தைச் சொன்னான். பெட்டியைச் சொன்னான். வாசனையைச் சொன்னான். ஜெயவேலு கேட்டுக்கொண்டே இருந்தான். பீடி அணைந்துபோயிற்று.

"எனக்கு சொல்லாத. கங்கையம்மாவாண்ட வந்து சொல்லு. ஸ்டேஷன்ல சொன்ன அதே வாயால சொல்லு. எனக்கு அவ்ளோதான் வேணும்."

"வரேண்ணா. நாளைக்கே வரேன். ஆனா காலைல ஒரே ஒரு டிரிப்பு... எனக்காவ வந்து நில்லுண்ணா. ஒத்தையா போவ முடியல. போவலேன்னா வேலையும் பூடும்."

ஜெயவேலு சிரித்தான். "நல்லா கீதுடா உன் நியாயம்." ஆனாலும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

நாலரை மணி. அதே ரோடு. பழைய சீட்டில் ஜெயவேலு. டேங்கை முதல்நாளே அடிவரைக்கும் வடித்துவிட்டிருந்தான் துளசிங்கம். வால்வைத் துணியால் துடைத்துத் தொட்டும் பார்த்திருந்தான். ஒரு சொட்டு இல்லை.

கிணற்றடி. லாரியைத் திருப்பினான். ரிவர்ஸ்.

பீப்...

"இதானா?" ஜெயவேலு இறங்கிப் பின்னால் போனான். குனிந்து அடியில் பார்த்தான். பக்கவாட்டுக்கு வந்து கத்தினான். "ஒண்ணியும் இல்ல துளசி! நா போயி மோட்டாரு போட்டு வரேன். நா வந்து தட்ற வரைக்கும் எடுக்காத."

தொண்ணூற்று மூன்றிலும் கொட்டகைக்குப் போகும்போது இதே வார்த்தையைத்தான் சொல்லிவிட்டுப் போனான்.

தொண்ணூற்று மூன்றில் அவன் பேட்டரி போகுமென்று ஹெட்லைட்டை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். இன்றைக்கு அணைக்கவில்லை. மோட்டார் கொட்டகை லாரிக்கு நேர் எதிரே, முப்பதடியில். ஜெயவேலு வெளிச்சத்துக்குள் நடந்து போவது தெரிந்தது. வெள்ளைத் தலை. தோளில் துண்டு.

பீப்... பீப்... பீப்...

ஜெயவேலு கொட்டகைக் கதவில் கை வைத்தான்.

பீப் பீப் பீப் பீப்... ஒரே இழுப்பு.

டொக். டொக்.

பின்னாலிருந்து. டேங்கின் அடியிலிருந்து. கை தட்டுகிற சத்தம் இல்லை அது. அலுமினியம்.

துளசிங்கம் கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து அழுத்தி மிதித்தான். எதிரே ஜெயவேலு திரும்பி நின்றிருந்தான். அவனுக்கும் கேட்டுவிட்டது. ஹெட்லைட் வெளிச்சத்தில் ரெண்டு கையையும் தலைக்குமேல் விரித்துத் தூக்கிக் காட்டினான். குரல் உடைந்துபோய்க் கத்தினான்.

"நா தட்டல! பாத்துக்க துளசி... நா தட்டல!"

துளசிங்கம் சாவியைத் திருப்பி உருவி எடுத்தான். இன்ஜின் நின்றது. லைட் அணைந்தது. பெட்டி மட்டும் நிற்கவில்லை. சாவி அவன் கையில் இருக்கிறது... பெட்டி கத்துகிறது.

இருவரும் டார்ச்சோடு பின்னால் போனார்கள். யாரும் இல்லை. வால்வு காய்ந்து கிடந்தது. ஆனால் அதற்கு நேர் கீழே, புழுதித் தரையில், வட்டமாக ஒரு ஈரம். ஒரு சாண் அகலம். நிறை குடத்தை வைத்து எடுத்த மாதிரி. வட்டத்தின் ஒரு பக்கம் மட்டும் உள்ளே நசுங்கியிருந்தது.

லாரியை அங்கேயே விட்டார்கள். வேலை போனால் போகட்டும். கங்கையம்மாள் இருந்தது ராஜகீழ்ப்பாக்கத்தில். ரோட்டுக்கு வந்து, இருட்டில் நடக்க ஆரம்பித்தார்கள். பின்னால் பெட்டியின் இழுப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. பத்தடி போயிருப்பார்கள். இழுப்பு அறுந்தது.

பீப் பீப் பீப்...

பீப்... பீப்...

பீப்......

அப்புறம் நின்றுவிட்டது.

நின்றுவிட்டால் என்ன அர்த்தம் என்று துளசிங்கத்துக்குத் தெரியும். லாரிக்குப் பின்னால் இப்போது யாரும் இல்லை. கிளம்பிவிட்டார்கள் என்று அர்த்தம். அவன் ஜெயவேலுவிடம் சொல்லவில்லை. நடையை மட்டும் எட்டிப் போட்டான்.

ராஜகீழ்ப்பாக்கம் போய்ச் சேரும்போது வெளுத்துவிட்டது. கங்கையம்மாள் அப்போதுதான் கதவைத் திறந்தாள். துளசிங்கம் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்று சொன்னான்.

"யக்கா... அவரு தட்டல. நாந்தான் தப்பா எடுத்தேன். ஸ்டேஷன்ல சொன்னது தப்பு. அவரு தட்டல."

அவள் உள்ளே போனாள். ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து ஜெயவேலுவின் கையில் கொடுத்தாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு. அவன் அண்ணாந்து மடமடவென்று குடித்தான். கண்ணிலும் தண்ணீர்.

பிறகு அவள் வாசல் தெளிக்க வாளியைத் தூக்கினாள். தூக்கினவள் அப்படியே நின்றாள்.

"இன்னும் நா தெளிக்கவே இல்லியே... இது யாரு?"

தெளிக்காத வாசல். காய்ந்த மண். படியோரத்தில் வட்டமாக ஒரு ஈரம். ஒரு பக்கம் நசுங்கி.